காற்றுக்குப் போட்ட விளக்கு

மேகமலையில் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் டாக்டருக்குப் பயப்பட மாட்டார்கள். ஊசிக்கும் பயப்பட மாட்டார்கள். முத்துப்பேச்சி அக்காவுக்குத்தான் பயப்படுவார்கள். ஈரக் குடையை மடக்கி வாசலில் சாய்ப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்துவிடும்.

"ஆத்தா, அந்த ஜன்னலத் திறந்து விட்டுட்டு உக்காரு."

ஆடி மாதத்து மலையில் ஜன்னலைத் திறப்பது லேசான காரியம் இல்லை. மேகம் நேராக உள்ளே நடந்து வரும். பெஞ்சில் இருப்பவர்களின் தலைமுடியில் பனித்துளி கோத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் மெதுவாக எழுந்து, பேச்சியக்கா அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, கொக்கியைப் போட்டுவிடுவார். அக்கா வந்து திறப்பார். இன்னொருவர் மூடுவார். ஒரு நாளைக்கு இருபது தடவை இது நடக்கும். நான் அங்கே மருந்தாளுநர். பெயர் தங்கப்பாண்டியன், ஆனால் மலை முழுக்க என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரையை எண்ணிக்கொண்டே இந்தச் சண்டையை எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

பேச்சியக்காவுக்கு வேலை அட்டெண்டர் வேலை. தரை துடைப்பது, டோக்கன் கொடுப்பது, கொழுந்து பறிக்கையில் கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது. நாற்பத்தேழு வயது. நல்ல உயரம். சிரித்தால் கட்டடம் முழுக்கக் கேட்கும். கோபப்பட்டாலும் அப்படித்தான்.

ஜன்னல் மேல் அப்படி என்ன வெறி என்று ஒருநாள் கேட்டேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குப் பதினேழு வயசுல டி.பி. வந்துச்சு தம்பி. லயன் வீட்டுல ஒரே ரூமு, ஏழு பேரு. குளுருக்குப் பயந்து ஒரு ஓட்டை விடாம சாக்க வச்சு அடைச்சிருப்போம். நான் ரெண்டு மாசம் இருமிக்கிட்டே கிடந்தேன். சளின்டு நினைச்சாக. அப்பறம் தேனிக்குக் கூட்டிட்டுப் போயி, ஆறு மாசம் மாத்திர தின்னு சரியாப் போச்சு. ஆனா அதுக்குள்ள பக்கத்துல படுத்திருந்த எந் தங்கச்சி தனம் இரும ஆரம்பிச்சுட்டா."

"அவங்களுக்கு..."

"அவளும் பொழச்சுக்கிட்டா. ரெண்டு புள்ள பெத்து நல்லாத்தேன் இருக்கா. ஆனா அவளுக்கு அதக் குடுத்தது நாந்தேன். அந்த ரூமுல ஒரு ஜன்னல் திறந்திருந்தா வந்திருக்காதோ என்னமோ."

அதற்கப்புறம் அவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் நானும் எழுந்து போய்த் திறந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. பிறந்து நாற்பது நாள் ஆன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இருமுகிறவர்கள். பேச்சியக்கா ஜன்னலைத் திறந்தார். அந்தப் பெண் வெடித்துவிட்டாள்.

"என்னக்கா நெனச்சுக்கிட்டு இருக்கீக? எம் புள்ள வெறச்சுச் சாகவா? நீங்க பெத்திருந்தா தெரியும்!"

எல்லோரும் பேச்சியக்கா திருப்பிக் கொடுப்பார் என்று காத்திருந்தோம். அவர் ஜன்னலைத் தன் கையாலேயே மூடிக் கொக்கியைப் போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் ஷர்மின் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கம்பத்துக்காரப் பெண், சின்ன வயது. செவ்வாயும் வெள்ளியும் சின்னமனூரிலிருந்து ஜீப்பில் ஏறி வருவார். அன்று கிளம்புகிற அவசரத்தில், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"பேச்சியக்கா, ஜன்னலத் திறக்க முடியாத இடத்துக்குன்னு ஒரு லைட்டு இருக்கு. அல்ட்ரா வயலெட். காத்துல மிதக்குற கிருமிய அது கொன்னுரும். சில ஆஸ்பத்திரில மாட்டிருக்காக. அடுத்த தடவ வர்றப்ப விவரமாச் சொல்றேன்."

அடுத்த தடவை வரை பொறுத்திருக்கலாம். பேச்சியக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

டிஸ்பென்சரியின் ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் பார்த்துக்கொள்ளக் கம்பத்திலிருந்து ரபீக் என்கிற எலக்ட்ரீஷியன் மாதம் ஒருமுறை வருவார். கைவேலை சுத்தமான ஆள். எதைக் கேட்டாலும் "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா" என்பார். அக்கா ஃபோனைப் போட்டார். "கிருமியக் கொல்ற லைட்டு வேணும் ரபீக்கு." அவர் சொன்னார்: "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா." ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து, சின்னமனூரிலிருந்து அத்தனை பள்ளத்தையும் தாண்டி, உடையாமல் கொண்டுவந்து இறக்கினார்.

உள்ளே ஒரு டியூப்லைட். சாதாரண டியூப் மாதிரி வெள்ளையாக இல்லை, தெளிவான கண்ணாடிக் குழாய். மதுரையில் தண்ணீர் சுத்திகரிக்கும் சாமான் விற்கிற கடையில் வாங்கியதாம். மூடியோ தடுப்போ எதுவும் கிடையாது. காத்திருக்கும் அறையின் சுவரில், தலைக்குக் கொஞ்சம் மேலே அதை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க இளநீலம். பார்க்க அழகாக இருந்தது.

"நாளைக்கு நோயாளிங்க வருவாக" என்றேன்.

"நாளைக்கு வேணாம்" என்றார் பேச்சியக்கா. "முதல்ல நம்ம மேல சோதிச்சுப் பாப்போம். நமக்கு ஒண்ணும் ஆகலன்னாத்தேன் புள்ளைகள உள்ள விடணும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அப்போது அது வெட்டி ஜாக்கிரதையாகத்தான் தெரிந்தது. மூன்று பேரும் விளக்குக்கு நேர் கீழே கேரம் போர்டைப் போட்டு உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆடினோம். அக்கா ராணியை இரண்டு தடவை எடுத்தார். ரபீக் திருட்டு ஆட்டம் ஆடினார். "ஒரு சங்கடமும் இல்லையே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம், காலையில் போகலாம் என்று ரபீக் என் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் எனக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவினேன். ரபீக்கும் பக்கத்தில் நின்று கழுவிக்கொண்டிருந்தார். விடிந்தபோது எங்கள் இருவராலும் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. நெற்றியும் கன்னமும் வெயிலில் காய்ந்த மாதிரி எரிந்தன. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனோம். வாசற்படியில் பேச்சியக்கா ஈரத் துண்டைக் கண்ணில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு அது, கம்பவுண்டர் தம்பியா?"

"ஆமாக்கா."

"உங்களுக்குமா?"

"எனக்குந்தாங்க்கா" என்றார் ரபீக்.

எட்டு மணிக்கு வந்த நோயாளிகள் நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கம் நடந்துவிட்டது என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எனக்கு மருந்து லேபிள் ஒன்றும் தெரியவில்லை. யாருக்கும் மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டருக்கு ஃபோன் செய்தேன். திங்கட்கிழமை அவருடைய நாள் இல்லை. இருந்தும் பதினோரு மணிக்கெல்லாம் ஜீப் வந்து நின்றது.

டாக்டர் எங்கள் கண்களைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த டியூபைப் பார்த்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வெல்டிங்கை வெறுங்கண்ணால பாத்தா வருமே, அதே இதுதான்! ரெண்டு நாள்ல சரியாயிரும், உங்க நல்ல நேரம். இந்தப் பெஞ்சில பச்சப் புள்ளைங்க இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அதுக்குத்தேன் டாக்டரம்மா முதல்ல நாங்க உக்காந்தோம்" என்றார் பேச்சியக்கா, துண்டை எடுக்காமலேயே.

டாக்டர் எங்களுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். அந்த வெளிச்சம் ஆள் மேல் படவே கூடாது. ஏழடி உயரத்துக்கு மேலே, தகடு தகடாகத் தடுப்பு வைத்த பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெளிச்சம் கூரையை ஒட்டிப் படுக்கையாகப் பரவ வேண்டும். நாம் விடுகிற மூச்சு வெதுவெதுப்பாக இருப்பதால் மேலே போகும். அங்கே கிருமி செத்த பிறகு அந்தக் காற்று ஃபேனால் மெதுவாகக் கீழே திரும்பும். நாங்கள் பார்த்த நீலம்கூட உண்மையான வேலைக்காரன் இல்லை. வேலை செய்கிற ஒளி கண்ணுக்கே தெரியாது.

"அப்ப லைட்டு ஒரு எடத்துல நிக்கும், காத்துதேன் அதத் தேடிப் போயிட்டு வரணும்" என்றார் அக்கா.

"அதேதான்."

ரபீக் எழுந்து தடவித் தடவிப் போய், அந்த டியூபைக் கழற்றி, பெட்டியில் போட்டுக் கட்டினார். "பெரிய விஷயந்தாங்க்கா" என்றார் மெல்ல. அக்கா சிரித்த சிரிப்பில் வெளியே மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. எனக்குக் கண் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்டது.

ஒழுங்கான விளக்கு எங்கே கிடைக்கும் என்று டாக்டர் விசாரித்துச் சொன்னார். வாங்கித்தர எஸ்டேட் ஒப்புக்கொள்ள வேண்டும். மேனேஜர் கிறிஸ்டோபர் நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் மூன்று பேரின் கண் கதை அவர் காதுக்கு மூன்று விதமாகப் போயிருந்தது. நானும் அக்காவும் கொண்டுபோன டாக்டரின் கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருக்கிற கண்ணைக் கெடுத்த லைட்டை மறுபடியும் மாட்டச் சொல்றீங்களா?"

"சார், நீங்க புதன்கிழமை ஒரு அரை மணி நேரம் டிஸ்பென்சரிக்கு வந்து பெஞ்சில உக்காருங்க. அது போதும்" என்றார் பேச்சியக்கா.

அவர் வந்தார். மழை. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. அக்கா அன்று யாரையும் திறக்கச் சொல்லவில்லை. பதினாறு பேரின் இருமலுக்கும் தும்மலுக்கும் நடுவில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். கடைசி நோயாளியும் போன பிறகு அக்கா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் முனையில் செருகினார்.

புகை ஒரு நூல் மாதிரி நேராக மேலே போனது. கூரையைத் தொட்டதும் பரவியது. ஃபேனை ஒன்றில் வைத்தார். புகை சுற்றிச் சுழன்று எதிர்ப்பக்கச் சுவரோரம் இறங்கி, சற்று நேரத்தில் மேனேஜரின் மூக்குக்கே வந்தது. அவர் தும்மினார்.

"இந்தப் புகைதேன் சார் இருமல். கண்ணுக்குத் தெரியாததுனால நம்ம கண்டுக்கிறதில்ல. இது போற பாதையில, அந்தா அங்கன மேல, அந்த லைட்டு இருக்கணும். நம்ம கண்ணுக்கு எட்டாம."

கிறிஸ்டோபர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அளந்து பாத்து, ஆளு உக்கார்ற இடத்துல படலைன்னு உறுதியான பிறகுதான் ஆளை உள்ள விடணும். அதுக்குச் சம்மதம்னா வாங்கிருவோம்" என்றார்.

ஒன்றரை மாதத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. கூடவே அந்த ஒளியை அளக்கிற மீட்டர் ஒன்றை விற்றவர்கள் இரவலாக அனுப்பியிருந்தார்கள். ரபீக் இந்தத் தடவை வேறு ஆளாக வந்தார். அச்சடித்த குறிப்பை அடிக்கோடு போட்டுப் படித்திருந்தார். முகத்துக்குக் கவசம், கைக்கு உறை. சுவிட்சுக்குப் பூட்டுப்போட்ட டப்பா. எட்டடி உயரத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டையும் மாட்டி, எங்களை வெளியே அனுப்பிவிட்டு, விளக்கைப் போட்டு, பெஞ்சு பெஞ்சாக மீட்டரை வைத்துப் பார்த்தார்.

வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. "மத்த எடம் எல்லாம் சரியா இருக்குக்கா. கிழக்குப் பெஞ்சில மட்டும் கூடுதலாக் காட்டுது. பெட்டிய ஏத்தி இறக்கிப் பாத்துட்டேன். என்னண்டே தெரியல. திருப்பி அனுப்பிரலாம்."

டாக்டரைக் கேட்கலாம் என்றால் மழையில் செல்ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு பேச்சியக்கா உள்ளே போனார். கிழக்குப் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். போன வருடம் ஒழுகுகிறது என்று அந்தப் பக்கம் மட்டும் புதுத் தகரம் அடித்திருந்தார்கள். அது பளபளவென்று இருந்தது.

"ஏலே ரபீக்கு, இங்கன வா. இந்தத் தகரத்துல எம் மொகமே தெரியும் போல இருக்கு. அந்த வெளிச்சம் இதுல பட்டுத் திரும்பிக் கீழ வருதோ?"

அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்துவந்தார். ஏணி போட்டு அந்தத் தகரத்தை உள்பக்கம் மறைக்கிற மாதிரி அதை ஆணியில் மாட்டினோம். மறுபடி வெளியே வந்து நின்றோம். ரபீக் கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளிருந்து ஒரு கத்தல். "அக்கா! இறங்கிருச்சுக்கா!"

மறுநாள் சிக்னல் வந்ததும் டாக்டர் விவரம் சொன்னார். சில உலோகம் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், சாதாரணச் சுவர் பெயின்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும். மங்கலான வெள்ளை பெயின்ட் வாங்கி, பேச்சியக்காவே ஏணியில் ஏறி அந்தத் தகரத்துக்கு இரண்டு பூச்சு அடித்தார். மீட்டர் எல்லாப் பெஞ்சிலும் சரி என்றது. அவர் சேலையில் விழுந்த பெயின்ட் கடைசி வரை போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் மேனேஜரைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

அதன் பிறகு ஜன்னல் சண்டை நின்றது. மழை இல்லாத நாளில் திறப்போம், மழை நாளில் மூடிக்கொள்வோம். ஆனால் அக்காவுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. தகடுகளுக்கு உள்ளே மங்கலாக நீலம் தெரியும் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கும்பிட்டார். ஒரு தாய் சளி பிடித்த பிள்ளையை இரண்டு கையாலும் விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தாள்.

"இறக்கு! இறக்கு! லைட்டு உனக்கு இல்ல ஆத்தா, காத்துக்கு!"

அன்றே ஒரு அட்டையில் தன் கையெழுத்தில் எழுதி மாட்டினார்: "லைட் காத்துக்கு. ஆளுக்கு இல்லை. புள்ளையைத் தூக்கிக் காட்டாதீர்." மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, டியூப் ஆறிய பிறகு, துணியில் ஸ்பிரிட் தொட்டுத் தூசி துடைப்பார். சுவிட்சு டப்பாவின் சாவி அவர் இடுப்பில்தான். எனக்குக்கூடத் தரமாட்டார்.

இதனால் எத்தனை பேருக்கு நோய் வராமல் போயிற்று என்று மேனேஜர் ஒருநாள் கேட்டார். இவ்வளவு சின்ன இடத்தை வைத்து அதையெல்லாம் கணக்கிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. "வராத நோயி யாரு கண்ணுக்குத் தெரியும்? மழையில கதவ அடச்சுக்கிட்டு ஒரு புள்ளத்தாச்சி நிம்மதியா உக்காந்திருக்கா. அது தெரியுதுல்ல" என்றார்.

செய்தி மலையிலிருந்து இறங்கியது. இந்தத் தை மாதம் காமயகவுண்டன்பட்டியில் சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் ரபீக்கைக் கூப்பிட்டார். "அக்கா வந்தாத்தேன் நான் வருவேன்" என்று ரபீக் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் நானும் கூடப் போனேன்.

அந்த டாக்டர் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். விளக்குக்கு ஆர்டர் எழுதி, கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. பேச்சியக்கா காத்திருக்கும் அறையின் நடுவில் நின்றார். கையைத் தூக்கினார். விரல் நுனி கூரையில் முட்டியது. அழகுக்காகப் பொய்க்கூரை அடித்து இறக்கியிருந்தார்கள்.

"சார், இங்கன அந்த லைட்டு வேணாம்."

"ஏம்மா? மாட்டத்தானே வந்திருக்கீங்க?"

"இம்புட்டுத் தாழ்வா மாட்டுனா ஆளு மேல படும். நாங்க ஒருதடவ பட்டு அழுதுட்டோம். வெளிய காத்தத் தள்ளுற ஃபேன் ரெண்டு, இந்தச் சுவத்துல ஒண்ணு, அந்தச் சுவத்துல ஒண்ணு போடுங்க. இங்கன குளுரா அடிக்குது? அது போதும். இல்ல, லைட்டுத்தேன் வேணும்னா பொய்க்கூரையப் பிரிச்சுட்டுக் கூப்பிடுங்க, வர்றோம்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது சார். அதுலயும் கணக்குல பெயிலு."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆர்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கு எங்கே ஓட்டை போடுவது என்று ரபீக்கோடு சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கிளம்பும்போது தன் தோட்டத்துத் திராட்சை என்று ஒரு கூடை நிறையக் கொடுத்தார்.

டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் ரபீக் குறைபட்டுக்கொண்டார். "என்னக்கா நீங்க? வந்த வேலைய நீங்களே வேணாம்னு சொல்லிட்டீக."

பேச்சியக்கா ஒரு கொத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். "தின்னு. ஃபேன் மாட்டுற வேலையும் உனக்குத்தேன்."

கம்பம் வருவதற்குள் கூடையில் பாதி காலி. மீதியைத் தங்கச்சி வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று முந்தானையால் மூடி வைத்துக்கொண்டார். நான் கை நீட்டியபோது தட்டிவிட்டார்.